ஆழ்ந்த தாழ்வு

காலை ஐந்தரைக்குக் காலிங் பெல். கீழ்வீட்டு மாமா. "சார், வருமா, வராதா?"

எது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நவம்பரில் சென்னையில் வேறெதைக் கேட்பார்கள்?

"ஐரோப்பிய மாடல் கடலூர்ங்கிறது மாமா. அமெரிக்க மாடல் நெல்லூர்ங்கிறது. ஐரோப்பாக்காரன் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஐம்பது தடவை போட்டுப் பார்க்கிறான். ஐம்பது கோடும் இடியாப்பம் மாதிரி…"

"பால்காரர் வராதுங்கிறார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ராத்திரி இரண்டு மணிவரை செயற்கைக்கோள் படம் பார்த்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

இதைப் பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்தத் தாழ்வு விவகாரம்.

முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. தேறினால் தாழ்வு மண்டலம். இன்னும் தேறினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். தாழத் தாழப் பதவி உயர்வு கிடைப்பது உலகத்திலேயே இந்த ஒரு டிபார்ட்மெண்டில்தான். நானும் முப்பது வருஷம் ஆபீசில் தாழ்ந்துதான் கிடந்தேன். ஒருவரும் என்னை மண்டலமாக்கவில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், பெயர் சூட்டல் எல்லாம். 61 என்றால் ஆழ்ந்தபடியே கிடக்க வேண்டியதுதான். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலாகுமா ஆகாதா என்று இழுத்தடித்தபோது நான் பட்ட தவிப்பை, மைத்துனனுக்கு வேலை நிரந்தரமாகுமா என்றிருந்தபோதுகூடப் பட்டதில்லை. ஆயிற்று, 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறியது. சவூதி அரேபியா கொடுத்த பெயர். ஃபெங்கலா, ஃபெஞ்சலா என்று அதற்கொரு பஞ்சாயத்து.

அந்த 62ஐ யார் கடலுக்குப் போய் அளந்தார்கள்? அட்லாண்டிக்கில் 1943லேயே புயலுக்குள் விமானத்தை ஓட்டிவிட்டார்கள். வங்கக்கடலில் அந்த வழக்கம் இல்லை. வெர்னன் த்வோராக் என்ற அமெரிக்கர் 1970களில் வகுத்துக் கொடுத்தபடி, மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று படத்தில் பார்த்துத்தான் பெரும்பாலும் வேகத்தைக் கணிக்கிறார்கள். கைரேகை ஜோசியம் மாதிரி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். மாமா சொல்லக் கூடாது.

வருமா வராதாவாம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். தண்ணீர் நின்றது எங்கள் தெருவில். "அதான் ஆந்திராவுக்குப் போயிடுச்சே" என்று இதே மாமாதான் சொன்னார், முழங்கால் தண்ணீரில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அந்த முக்கியமான விஷயம் இருக்கட்டும். மாமா பெல் அடித்த அன்று ஒன்பது மணிக்கே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டேன். வருகிற வழியில் அதே பால்காரரிடம் ஏழு பாக்கெட் வாங்கினேன். சிரிக்காமல் கொடுத்தார்.

இன்று நாலாவது நாள். வெயில் கொளுத்துகிறது. ஃபிரிட்ஜில் ஏழு பாக்கெட் தயிர் இருக்கிறது. வேண்டியவர்கள் பாத்திரத்தோடு வரவும். மாமாவைத் தவிர.