தீவிலிருந்து தீவுக்கு

கே: சுண்ணாம்புக்கல் தீவுகளுக்கு நடுவே படகில் சுற்ற ஆசை. எங்கே, எப்போது போகலாம்?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

ப: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவிலேயே குடியிருந்துகொண்டு இன்னொரு தீவா! சரி, மலேசியாவின் லங்காவிக்குப் போங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம். அங்கே மாறினால் ஒரு மணி நேரம். யுனெஸ்கோ 2007இல் அங்கீகரித்த புவிப்பூங்கா. கிலிம் ஆற்றில் படகேறினால் அலையாத்திக் காட்டுக்கு மேலே சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக நிற்கும். செப்டம்பர், அக்டோபர் மழை. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது.

நம் டால்மியாபுரத்திலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல்தான், சுண்ணாம்புக்கல்தான். அவர்கள் சுற்றிக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். நாம் சிமென்டாக்கி மூட்டை கட்டிவிட்டோம்.

டிக்கெட் எடுக்குமுன் வைகுண்ட ஏகாதசித் தேதியைப் பாருங்கள். பூட்டிய வீட்டை உறவினர்கள் மன்னிக்கமாட்டார்கள்.