ஏறவிருப்பவர்

ஏறவிருப்பவரின் கைப்பேசியில் வானிலைச் செயலிகள் நான்குக்குக் குறையாமல் இருக்கும். வரும் சனிக்கிழமை கோவை அருகே வெள்ளியங்கிரி மலையில் மழைக்கு 20 சதவீத வாய்ப்பு என்று ஒன்றும், 60 என்று மற்றொன்றும், 40 என்று ஏனைய இரண்டும் சொல்ல, அவர் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, 'வெள்ளியங்கிரி கன்ஃபர்ம்' என்னும் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொன்றரைக்கு விடையை அறிவிப்பார். 40 சதவீதம் என்றால், இதே போன்ற வானிலை நூறு நாள் அமைந்தால் அவற்றுள் நாற்பது நாள் மழை பெய்யும் என்பதே பொருள். பகலில் நூற்றுக்கு நாற்பது பங்கு நேரம் நனைய வேண்டும் என்றோ, இடுப்புக்குக் கீழே மட்டும் நனையும் என்றோ பொருளில்லை. எனினும் குழுவிலுள்ள எட்டுப் பேரும் ஏறக்குறைய அப்படித்தான் புரிந்துகொள்வதால், பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது.

செயலிகள் பல என்றாலும் அவற்றுக்குச் சரக்கு வரும் கிடங்குகள் சிலவே. உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் கணினியில் கணக்கிட்டு முன்னறிவிக்கும் முறைக்கு வானிலை மாதிரி என்று பெயர். இலவசச் செயலிகளிற் பல அமெரிக்க மாதிரியையோ ஐரோப்பிய மாதிரியையோ நம்பியே பேசுகின்றன. அமெரிக்க மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் அகலமுடையது. ஆகவே வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரமும் உச்சியான ஏழாம் மலையும் அதன் கண்ணுக்கு ஒரே இடமாகத் தோன்றினால் வியப்பில்லை. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதையும், அமெரிக்க மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறைதான் புதிதாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் குழுவினருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சொல்லிக்கொண்டே பத்து நிமிடத்துக்கொரு முறை திரையைக் கீழே இழுத்துவிடுவார். அப்போது சுழலும் சிறு வட்டத்தை அவர் பார்க்கும் பார்வை, ஜாதகம் பொருந்தியதா என்று கேட்டனுப்பிவிட்டுத் திண்ணையில் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் பார்வை.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே முதல் இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது அவர் அடைந்த மகிழ்ச்சி தனி. எடுத்த பாஸ்கள் பல. கண்ட கொடைக்கானல் ஒன்றுமில்லை.

வெள்ளியங்கிரியில் ஏற வனத்துறை அனுமதிப்பது பிப்ரவரி முதல் மே வரை. பிப்ரவரியில் குளிர், மார்ச்சில் கூட்டம், ஏப்ரலில் வெயில், மே மாதத்தில் கோடைமழை என்று அவர் கணக்குப் போட்டு முடிக்கையில் ஜூன் பிறந்து வழி அடைபட்டுவிடும். அதற்குள் அடிவாரத்தில் மூங்கில் கம்பு ஒன்று வாங்கிக்கொண்டு, மேலே மஞ்சு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுபது வயதுக் கிழவர்கள் வெறுங்காலோடு ஏறி இறங்கியிருப்பார்கள். இதிலெல்லாம் சிரிக்க இடமுண்டு. ஆனால் மேலாளரிடம் கெஞ்சி வாங்கிய விடுப்பு எட்டுப் பேருக்கு வீணாவதிலும், கோவை ரயில் பயணச்சீட்டை ரத்து செய்யும்போதெல்லாம் ஆளுக்கொரு தொகை பிடிக்கப்படுவதிலும் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பணத்தை அவர் இதுவரை யாருக்கும் திருப்பிக் கொடுத்ததுமில்லை.

ஆகவே குழுவில் இருவர் அவரிடம் சொல்லாமலே கிளம்பிவிடுவதுண்டு. செய்தி எப்படியோ அவருக்கு எட்டிவிடும், கோபித்துக்கொள்ள மாட்டார். மலைமேல் எங்கோ ஓரிடத்தில் சிக்னல் கிடைத்ததும் அவருடைய செய்திகள் பதினேழு ஒன்றாக வந்து விழும்: முதல் மலைப் படிகள் செங்குத்து, மெல்ல ஏறுக, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி இருக்கிறதா, மழை வாய்ப்பு 60 ஆகிவிட்டது, திரும்பிவிடலாமே, சரி, திரும்பாவிட்டால் ஆண்டிச் சுனையில் தண்ணீர் மிகவும் சில்லென்றிருக்கும், குளிக்கும்போது பார்த்து இறங்குக. மழை பெய்வதில்லை. சுனையைக் கண்ணால் கண்டிராத அவர் சொன்னபடியே தண்ணீர் சில்லென்றிருக்கும். இருவரும் பார்த்தே இறங்குவார்கள்.