ஜாக்கிப் பாதவியல்

கரட்டுத் தடங்களில் டயர் மாற்ற ஏற்ற ஜாக்கி எது என்ற வினாவுக்கு விடை சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் ஜாக்கியின் தலையை மட்டுமே பார்த்தார்கள். எத்தனை டன் தூக்கும், எத்தனை அங்குலம் உயரும், சிவப்பா கறுப்பா என்று தலைப்பக்கச் செய்திகளை அளந்தார்கள், அட்டவணை போட்டார்கள், அட்டவணைக்காகச் சண்டையும் போட்டார்கள். பாதத்தைப் பற்றிப் பேசியவர் அரியர். ஜாக்கியை மேலிருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது, கீழிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. முதலில் நிலம், அதன்மேல் பலகை, அதன்மேல் ஜாக்கி, கடைசியில்தான் வண்டி. இது ஒன்றும் புதுக்கொள்கை அன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்துவிட்டு, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை முதலியவற்றைக் கருப்பொருளாகப் பின்னால் நிறுத்தினார். அந்த வரிசையில் பறைக்குப் பக்கத்தில் ஜாக்கியையும் வைத்துக்கொள்வதில் இலக்கண வழு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டும் தட்டினால் ஒலிப்பவையே.

தலைக்கட்சியாரின் முதல் ஆயுதம் டன் கணக்கு. அதை ஒரு சான்று வண்டியில் வைத்துப் பார்ப்போம். இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ எடையுள்ளது. நான்கு சக்கரங்கள் அதைப் பகிர்ந்து சுமக்கின்றன, ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கிலோ. டயர் மாற்ற ஒரு சக்கரம் தரையை விட்டு எழுந்தால் போதும். சாதாரண பாட்டில் ஜாக்கிக்கே 2 டன் திறன் உண்டு. அது முழு ஜிம்னியையும் தூக்கி, மிச்ச வலுவில் வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேரையும் தூக்கும். இந்த நிலையில் 4 டன் வாங்கலாமா 6 டன் வாங்கலாமா என்று இரவு முழுதும் வாதிடுவது, தேவைப்படாத வலுவை எடை போட்டுச் சுமப்பதில்தான் முடியும். 1795இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, தூக்கும் வலு மனிதனுக்குப் பெரிய குறையாக இருந்ததில்லை. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, உலகத்தையே நகர்த்திக் காட்டுவதாகச் சொன்னதாக வழங்கும் ஆர்க்கிமிடீஸ் கேட்டது நின்றுகொள்ள ஓர் இடத்தை மட்டுமே. பாதவியலின் முதல் ஆசிரியர் அவர் என்க.

இனிப் பாதத்தின் கணக்கு. 2 டன் பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டைப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 100 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 300 கிலோ இறங்கினால், மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 3 கிலோவைத் தாங்க வேண்டும். மணலில் ஓட்டுவோர் டயர்க் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது வழக்கம். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றழுத்தமே, ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. காற்றை இறக்கியும் டயர் தடுமாறுகிற அதே மணலில், அதைப்போல் மூன்று மடங்கு அழுத்துகிற ஒரு பொருளை நட்டுவைத்து, அதை நம்பி வண்டியைத் தூக்க நினைக்கிறோம். பிறகு கைப்பிடியை இறைக்க இறைக்க வண்டி எழாமல் ஜாக்கி இறங்குவதைக் கண்டு வியக்கிறோம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முன்னோர் வகுத்தது இந்தக் காட்சிக்கு நன்றாகவே பொருந்தும். அந்த ஜாக்கியின் அடியில் முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர்ப் பலகை ஒன்றை இட்டால் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர் ஆகிறது, அழுத்தம் மூன்றில் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. பலகை இல்லையேல் டயரைப் போல் மும்மடங்கு, இருந்தால் டயரில் மூன்றில் ஒரு பங்கு. ஜாக்கிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் துணிபவர், இந்த ஒன்பது மடங்கு வேறுபாட்டைத் தரும் மரத்துண்டைக் கடைசி வரை வாங்குவதில்லை. மெல்லிய ப்ளைவுட் இதற்கு உதவாது. அது நடுவில் வளைந்து, ஓரங்கள் சுமையை ஏற்காமல் விட்டுவிடும். இரண்டு அங்குலக் கனமுள்ள கெட்டி மரமே பலகை என்னும் பெயருக்கு உரியது.

இங்கே ஒரு வலுவான தடை எழும். பலகையை இட்டால் ஜாக்கி உள்ளே நுழையாதே என்பர். இது கற்றோர் எழுப்பும் தடை, எளிதில் தள்ளத்தக்கது அன்று. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் பக்கச்சுவர் சுமார் 156 மில்லிமீட்டர் உயரம். காற்று முழுதும் இறங்கினால் அதில் பெரும்பகுதி நசுங்கி, ஆக்சிலும் அந்த அளவுக்குத் தரையை நெருங்கிவிடும். பலரும் வீட்டு வாசலில், நான்கு டயரும் காற்றோடு நிற்கும்போது ஆக்சிலின் உயரத்தை அளந்து ஜாக்கி வாங்குகிறார்கள். பஞ்சரான வண்டிக்கடியில் அந்த உயரம் இருப்பதில்லை. ஆக, ஜாக்கியில் பார்க்க வேண்டிய முதல் எண் அது எவ்வளவு உயரும் என்பதல்ல, எவ்வளவு குட்டையாக அடங்கும் என்பதே. அந்தக் குறுகிய இடத்தில் ஐந்து சென்டிமீட்டர்ப் பலகையும் சேர்ந்தால் இடம் எங்கே என்பது தடை. விடை இது: பலகை தேவைப்படுகிற நிலம் எதுவோ அது தோண்டக்கூடிய நிலம், தோண்ட முடியாத நிலம் எதுவோ அங்கே பலகைக்குத் தேவை இல்லை. மணலிலும் சேற்றிலும் கையாலேயே பள்ளம் பறித்துப் பலகையை இருத்தலாம். பாறை ஜாக்கியை விழுங்காது. இரும்பு கல்லில் வழுக்காதிருக்க ஒரு மெல்லிய துண்டு அங்கே போதும், அது எங்கும் நுழையும். உலகம் இவ்வளவு ஒழுங்காகப் படைக்கப்பட்டிருப்பதை இறைவனின் இருப்புக்குச் சான்றாகக் காட்டுவாரும் இருக்கலாம். இவ்வாய்வு அவ்வளவு தூரம் போகவில்லை.

குறிஞ்சி வேறு வகை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புகள் ஏறும் தடத்தைப் போன்ற கற்பாதையில் ஜாக்கி புதையாது, வண்டி உருளும். பாதவியலில் இது வண்டியின் மற்ற மூன்று பாதங்களைப் பற்றிய அதிகாரம். கியரில் போட்டு நிறுத்திவிட்டேன் என்பார் உளர். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள பின் ஆக்சிலில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழுந்தால், கியர் அந்த ஆக்சிலைப் பிடித்து நிறுத்தாது. எழுந்த சக்கரம் தாராளமாகச் சுற்ற, மற்றது அதற்கு எதிராக உருளும். பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட் பிரேக்கே சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்மிஷனில் இருந்ததால், பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும் அந்த பிரேக்கும் இதே காரணத்தால் கைவிட்டுவிடும். ஆகவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுப்பது ஜாக்கியைத் தொடுவதற்கு முந்திய கடமை. குறிஞ்சியில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. கல் இருக்கும் நிலத்தில்தான் கல் தேவைப்படுகிறது என்பதையும் மேற்சொன்ன ஒழுங்கோடு சேர்த்துக்கொள்க.

ஹை-லிஃப்ட் ஜாக்கியே தலைசிறந்தது என்போர் ஒரு பெரும் சமயத்தார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்டு என்ற ஊரிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக வருகிற இந்த நெட்டை ஜாக்கி, 48 அங்குல வடிவில் சுமார் 13 கிலோ இருக்கும். பண்ணையில் வேலிக்கால் பிடுங்கும், வண்டியைக் கொஞ்சம் இழுக்கும், பானெட்டின் மேல் கட்டினால் உரியவரின் மதிப்பை உயர்த்தும். இவற்றை மறுக்கவில்லை. ஆனால் டயர் மாற்றும்போது அது பெரும்பாலும் பம்பரைப் பிடித்துத் தூக்குகிறது. பம்பர் எழும்போது உடல்தான் முதலில் எழுகிறது, ஸ்பிரிங்குகள் விரிந்து சக்கரம் தரையிலேயே குந்தியிருக்கிறது. சக்கரம் கிளம்புவதற்குள் வண்டி ஒருக்களித்துவிடும். ஆக்சிலைத் தூக்கினால் சில அங்குலத்தில் முடியும் வேலைக்கு இரண்டு மூன்று அடி உயரம் தேடுவது அந்த ஜாக்கி தானே உண்டாக்கிய தேவை. போதாக்குறைக்கு, இன்றைய வண்டிகளின் பம்பர் பிளாஸ்டிக். இறக்கும்போது கைப்பிடி மேலெழும்பித் தாடையைத் தேடி வருவதும் இதன் இயல்பு, அதை அறிந்தவர் தலையைத் தள்ளியே வைத்திருப்பார். பாதமோ, இவ்வளவு உயரத்துக்கும் ஒரு சிறிய தட்டுத்தான். தலைக்கட்சியின் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுபோய்க் காட்டியதற்காக இந்தக் கருவிக்கு ஆய்வுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்படியானால் வண்டியோடு கம்பெனி தரும் கத்தரி ஜாக்கி போதாதா எனின், கம்பெனி குறித்த இடத்தில், கம்பெனி டயரோடு, தார்ச்சாலையில் போதும். டயரைப் பெரிதாக்கி சஸ்பென்ஷனை உயர்த்தியவர் மட்டும் அதன் கை எட்டவில்லை என்று குறை சொல்லலாகாது, எட்டாத தூரத்துக்கு வண்டியைக் கொண்டுபோனவர் அவரே. புகைக்குழாயில் குழாயை மாட்டி ஊதும் காற்றுப்பை ஜாக்கிக்கு இவ்வாய்வு தனி மரியாதை செய்கிறது. பாதமே உடலாகப் பிறந்த ஜாக்கி அது ஒன்றுதான். நெய்தலுக்கும் மருதத்துச் சேற்றுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. கூரிய கல்லும் முள்ளும் கிடக்கும் இடத்தில் டயருக்கு நேர்ந்த கதி அதற்கும் நேரும் என்பதால், குறிஞ்சியில் அது இரண்டாவது பஞ்சர்.

டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் ஸ்ட்ரிப்பைக் குத்திக் காற்றடித்தால் ஜாக்கியே வேண்டாமே என்று ஒரே வீச்சில் இத்துறையை ஒழிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. தேய்பரப்பில் ஆணி ஏறியிருந்தால் அவர்கள் சொல்வது சரி, அவ்வாறே செய்க. ஆனால் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், கூர்ங்கல் கிழிப்பது அதைத்தான். பக்கச்சுவர்க் கிழிசலை ஸ்ட்ரிப் பிடிக்காது. ஸ்டெப்னியை இறக்கியே ஆக வேண்டும், ஸ்டெப்னி இறங்கினால் ஜாக்கியும் இறங்க வேண்டும்.

எஞ்சிய தடை ஒன்று: இவ்வளவு தேறிய பலகையை ஏன் எந்த ஜாக்கி டப்பாவிலும் வைத்து விற்பதில்லை? வழக்கு இருக்கும் இடத்தில் கடைச்சரக்கைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. நம் லாரி கிளீனர்கள் ஜாக்கியோடு ஒரு மரக்கட்டையையும் இழுத்துக்கொண்டு வருவது யார் டப்பாவைப் பார்த்தும் கற்றதன்று. மரக்கடையில் கழித்துப் போட்ட துண்டு கிடைக்கும், அதை ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் கடகடக்காது. கூடாரம் அடிக்கும் இடத்தில் அதே பலகையின்மேல் வெங்காயம் நறுக்குவாரும் உளர். இவ்வாய்வு அதைத் தடுக்கவில்லை. வெங்காயம் முன்னும் சேறு பின்னும் என்ற வரிசையை மட்டும் வற்புறுத்துகிறது.