ஷட்டரைத் தூக்கும் முன்

கேள்வி: பேக்கரி வைக்கக் கடை தேடுகிறேன். நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருப்பூர் வாசகர்)

பதில்: அவர் காட்டும் கடையில் என்ன குறை என்று அவரிடமே கேளுங்கள். "குறையே இல்லீங்க, தங்கமான இடம்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். "மேற்குப் பார்த்த கடைங்க. மூணு மணிக்கு மேல வெயில் உள்ளே வந்துடும், உங்க க்ரீம் கேக் தாங்காது" என்கிறவரின் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிறதா, புகைக்குழாய் போட மாடிவீட்டுக்காரர் சம்மதிப்பாரா, விடிகாலையில் மாவு மூட்டை இறக்க வண்டி நிற்குமா என்றெல்லாம் நீங்கள் வாய் திறக்கும் முன்பே அவர் கேட்டால் பாதிக் கடை அமைந்த மாதிரி. என்ன தொழில் என்றே விசாரிக்காமல் "பட்ஜெட் எவ்வளவு?" என்று தொடங்குகிறவர், இலை போடுவதற்கு முன்பே பில்லை நீட்டுகிறவர்.

கேள்வி: புரோக்கர் என்னிடம் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்கிறார். ஓனரிடமும் வாங்குவாராமே? (கோவை வாசகி)

பதில்: இரு பக்கமும் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்குவது தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. முதல் நாளே கேட்டுவிடுங்கள். வாடகை கூடினால் அவர் கமிஷனும் கூடும். அதனால் பேரத்தை முழுதாக அவரிடம் விடாமல், பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடைக்கு 800 சதுர அடி என்றார். டேப் வைத்து அளந்தால் 560தான்! (சென்னை வாசகர்)

பதில்: 800 என்பது சூப்பர் பில்ட்-அப். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கும் அதில் அடக்கம். மாடிப்படியில் புடவை விரிக்க முடியாதே! அடிக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 48,000. நிஜமாகப் புழங்கும் இடத்துக்கு, அதாவது கார்பெட் ஏரியாவுக்கு, வகுத்தால் அடிக்கு 85 ரூபாயைத் தாண்டுகிறது. கார்பெட் ஏரியாவைத் தானே முந்திச் சொல்கிறவரே உங்கள் புரோக்கர்.

கேள்வி: ரெரா எண் கேட்டால் சிரிக்கிறாரே? (மதுரை வாசகர்)

பதில்: ரெராவில் பதிவான திட்டத்தில் கடை வாங்குகிறீர்களா? அப்படியானால் ரெரா என்கிற 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி புரோக்கரும் பதிவு செய்திருக்க வேண்டும். சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாடகைக்கு மட்டும் பிடித்துத் தருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் முன்பு கடை பிடித்துக் கொடுத்த இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: அழகு நிலையத்துக்கு 11 மாத அக்ரிமென்ட் போதும் என்கிறார். (திருச்சி வாசகி)

பதில்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்த 11. ஆனால் கண்ணாடி, குழாய், ஏசி என்று லட்சக்கணக்கில் போடப்போவது நீங்கள். பன்னிரண்டாம் மாதம் காலி செய்யச் சொன்னால் சுவரில் பதித்த டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டா போவீர்கள்? எத்தனை ஆண்டுக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது, வாடகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், அட்வான்ஸ் எப்போது திரும்பும், மூன்றையும் ஓனர் எதிரிலேயே பேசி எழுதவைக்கிற புரோக்கர் கிடைத்தால், கமிஷனில் பேரம் பேசாதீர்கள்.