வரி பூஜ்யம், காகிதம் ஏராளம்

கே: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டனுக்கு லாபமா, நஷ்டமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ப: நஷ்டம்.

கே: எவ்வளவு?

ப: உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட நீண்ட காலத்தில் 4 சதவிகிதம் குறையும் என்பது அந்நாட்டு அரசுக்கான நிதிக் கணிப்புகளைத் தயாரிக்கும் சுயாதீன அமைப்பின் மதிப்பீடு. கொரோனாவும் உக்ரைன் போரும் அடுத்தடுத்து வந்ததால், எது எதனால் என்று பிரிப்பது சிரமம்தான். வராமல் போன சம்பள உயர்வை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அதனால்தான் விவாதம் ஓயவில்லை.

கே: வரியில்லா ஒப்பந்தம்தானே போட்டார்கள்? பிறகென்ன கஷ்டம்?

ப: வரி இல்லை, காகிதம் உண்டு. 2021 ஜனவரி முதல் சுங்கப் படிவம், பொருள் எங்கே தயாரானது என்பதற்குச் சான்று, சீஸ், இறைச்சி என்றால் சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பெரிய கம்பெனியில் இதைப் பார்க்கத் தனி ஆட்களே இருப்பார்கள். சிறு வியாபாரி எங்கே போவார்? பலர் ஐரோப்பிய ஆர்டரே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். வேல்ஸ் கடற்கரையில் சிப்பி எடுப்பவர்களைப் பாருங்கள். உயிருள்ள சிப்பியை அப்படியே லாரியில் ஏற்றி அனுப்புவார்கள்; அக்கரை போய்த்தான் அதைச் சுத்திகரிப்பார்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு அப்படி அனுப்பக் கூடாது என்பது விதி. கடல் மாறவில்லை, சிப்பியும் மாறவில்லை. பிழைப்பு போனது.

கே: ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு கட்டுகிறோம், அதை அரசு மருத்துவமனைகளுக்குத் தரலாம் என்று வெளியேறச் சொன்னவர்கள் பஸ்ஸில் எழுதிக்கொண்டு போனார்களே?

ப: தள்ளுபடி போக, பிரிட்டன் கட்டியதே அதைவிடக் குறைவு. விவசாய மானியமாகவும் ஆராய்ச்சி நிதியாகவும் திரும்பி வந்ததைக் கழித்தால் இன்னும் குறையும். அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் அப்போதே ஆட்சேபித்தது. அரசு மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி இந்தக் கணக்கைக் காட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கே: அப்படியானால் வெளியேற ஓட்டுப் போட்ட 51.9 சதவிகிதம் பேரும் ஏமாளிகளா?

ப: நிச்சயமாக இல்லை. கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்ட சண்டர்லேண்ட் மாதிரி ஊர்களின் கோபம் நியாயமானது. ‘எங்கள் சட்டத்தை நாங்களே எழுதுவோம், அதற்கு என்ன விலையானாலும் கொடுப்போம்’ என்பவரை மதிக்கிறேன். விலையே இல்லை என்று சொன்ன தலைவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கே: இதில் நமக்கு ஏதாவது உண்டா?

ப: உண்டு. ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. வெளியே வந்ததால்தான் 2025 ஜூலையில் இந்தியாவுடன் கையெழுத்திட்டது. வங்கதேசத்து ஆடை ஏற்கெனவே வரியில்லாமல் போகும் சந்தையில், திருப்பூர் பனியனுக்கும் அதே வாய்ப்பைத் தரும் ஒப்பந்தம் இது. நமக்கு நல்லது. ஆனால் பிரிட்டனுக்கு இது ஈடாகாது. அதன் ஏற்றுமதியில் 40 சதவிகிதத்துக்கு மேல் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான் போகிறது.