ஜிஞ்சர் வைன்காரனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
பரம்பரை ஜிஞ்சர் வைன்காரன்,
பூந்தமல்லி – ஆவடி சாலை,
சென்னீர்குப்பம்.

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: எங்கள் பாட்டில் மேல் இந்த வருஷம் என்ன எழுதலாம் என்று கேட்டறிதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கைகள், அவற்றுக்கான திருத்தங்கள், அவற்றை வாபஸ் வாங்கிய சுற்றறிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆயா காலத்திலிருந்து கிறிஸ்துமஸ் சீசனுக்கு ஜிஞ்சர் வைன் போட்டு விற்கும் குடும்பம் எங்களுடையது. இஞ்சி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, எலுமிச்சை, கருக்கிய சர்க்கரை. அவ்வளவுதான். லண்டனில் 1740-இல் பிறந்த ஸ்டோன்ஸ் ஜிஞ்சர் வைனில் போதை உண்டு. எங்களுடையதில் காரம் மட்டும் உண்டு. குடித்துவிட்டு யாரும் சலம்பியதில்லை, இருமியிருக்கிறார்கள்.

ஆயா பாட்டிலில் லேபிளே ஒட்டியதில்லை. இன்றைக்கு 14 இலக்க உரிம எண், பச்சைப் புள்ளி, சேர்மானப் பட்டியல், தயாரித்த தேதி, கெடு தேதி எல்லாம் வேண்டும். பக்கத்திலேயே எடையளவுச் சட்டக்காரர்கள் தங்கள் பங்குக்கு நிற்கிறார்கள்: அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண், 2022 முதல் ஒரு மில்லி என்ன விலை என்ற கணக்கும். பாட்டில் சின்னது, சட்டம் பெரியது. ஆனாலும் குறை சொல்லவில்லை. வாங்குகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியத்தானே வேண்டும்?

எங்கள் பயமெல்லாம் அச்சகத்தைப் பற்றியது. ஆயிரத்துக்குக் குறைந்து லேபிள் அடிக்க மாட்டார்கள். தாங்களோ மனம் மாறுவதில் வேகமானவர்கள். 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் 'தஹி' என்று போட்டு, தயிரை அடைப்புக்குறிக்குள் உட்கார வைக்கச் சொன்னீர்கள். எங்கள் பக்கத்து ஆவடிக்கு அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்த நாசர்தான் பால்வளத் துறை அமைச்சரும். தமிழ்நாடு முடியாது என்றது. மார்ச் 30-ஆம் தேதியே உத்தரவைத் திருத்தினீர்கள். 2024 ஆகஸ்ட் 21-இல் பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று எழுதக்கூடாது என்றீர்கள். 26-ஆம் தேதி அதையும் வாபஸ் வாங்கினீர்கள். ஐந்து நாளில் எங்கள் இஞ்சிகூட முழுதாக ஊறாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 8 முதல் வைன் பாட்டிலில் சேர்மானங்களைத் தெரிவிக்க வேண்டும், கியூஆர் கோடாகவும் போடலாம் என்றார்கள். பரம்பரை வைன்காரர்கள் கோடுக்குப் பக்கத்தில் 'ஐ' என்று ஓர் எழுத்தைப் போட்டு லேபிள் அடித்து வைத்திருந்தார்கள். கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஓர் எழுத்து போதாது, 'சேர்மானங்கள்' என்றே முழுசாக எழுத வேண்டும் என்று விளக்கம் வந்தது. பெருங்கூச்சலுக்குப் பிறகு 2024 மார்ச் 8 வரை பழைய லேபிளுக்கு அனுமதி. அந்த வகையில் தாங்கள் உலகத் தரம்தான்.

இனி லேபிள் மாற்றங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வரும் என்று முடிவெடுத்ததற்கு நன்றி. ஆடித் தள்ளுபடிக்கு முன்பே பழைய லேபிளைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

இப்போது புதுக் கவலை. தேயிலைச் செடியிலிருந்து வந்தால்தான் 'டீ' என்று சொல்லலாம், மூலிகை டீ, பூ டீ எல்லாம் டீயே அல்ல என்று 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தினீர்கள். அதே நியாயப்படி நாளை எங்கள் வைனும் வைன் ஆகாது. சுக்குக் காபிக்காரரும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். அவர் சரக்கில் காபிக்கொட்டை மருந்துக்கும் கிடையாது.

ஒன்று மட்டும் புரியவில்லை, ஐயா. எங்கள் பாட்டிலில் கவலைப்பட வேண்டியது பெயரா, சர்க்கரையா? சர்க்கரை, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்று பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பளிச்சென்று காட்டும் திட்டத்துக்கு 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பெண் வரைவு வெளியிட்டீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு கொடுத்தது. ஜூலையில் கெடு நீண்டது. தயிருக்கும் பாலுக்கும் நாள் கணக்கில் உத்தரவு போட்ட கை, சிப்ஸுக்கும் கோலாவுக்கும் வருஷக் கணக்கில் யோசிக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சாதாரணப் பானம் என்றால் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று ஊட்டச்சத்து விவரம் போட வேண்டும். ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலோ, தங்கள் 2018-ஆம் ஆண்டு மதுபான விதிப்படி ஊட்டச்சத்து விவரமே போடக்கூடாது. விரும்பினால் கலோரியை மட்டும் சொல்லலாம். ஆக, சர்க்கரையை மறைக்க எனக்கு நேர்வழி, இதில் கொஞ்சம் சாராயம் ஊற்றுவது. ஊற்றினால் மதுவிலக்குப் போலீஸ் வரும் என்பதால் மட்டும் பொறுத்திருக்கிறேன்.

எனவே என் கோரிக்கைகள்:

1. அடுத்த முறை பெயரை மாற்றச் சொல்லும்போது, இருக்கிற லேபிள் தீரும்வரை எங்களுக்கும் அவகாசம் வேண்டும்.

2. 'இதில் சர்க்கரை அதிகம்' என்று பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் நானாகவே போடப்போகிறேன். அது அங்கீகரிக்கப்படாத வாசகம் என்று அபராதம் வருமா?

3. வராது என்றால், பெரிய கம்பெனிகளையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய மறுநாள், எங்கள் சரக்குக்குத் தாங்கள் சூட்டும் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
(தற்போதைக்கு) ஜிஞ்சர் வைன்காரன்.

இணைப்பு: வெற்று லேபிள் ஒரு கட்டு. பெயரைத் தாங்களே எழுதி அனுப்பலாம். பென்சிலால் எழுதினால் நல்லது.