ஆடு இலவசம், புல் குற்றம்

சாரல் விழா வந்தால் குற்றாலத்தில் நாய்க்கும் கண்காட்சி உண்டு. கொழுகொழு குழந்தைக்குப் பரிசு உண்டு. தென்காசியைத் தாண்டி, அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு மந்தை மேய்க்கும் கீதாரி வீட்டுப் பெண்ணுக்கு ஒதுங்க ஒரு மறைவு மட்டும் கிடையாது. இருட்டும்வரை அடக்க வேண்டும். மாதவிலக்கோ மசக்கையோ, பொழுது சாய்ந்தால்தான் அனுமதி.

விடியுமுன் எழுந்து குட்டிகளை ஊட்டவிட்டு அடைக்க வேண்டும். தண்ணீர் சுமக்க வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும். ராத்திரி கிடை போடும் புழுக்கைதான் வயலுக்கு உரம். யூரியா மூட்டைக்கு மானியம். புழுக்கைக்கு, 'இயற்கை வேளாண்மை' பற்றி மேடையில் ஒரு பேச்சு.

2011-ல் ஏழைப் பெண்களுக்கு நான்கு நான்காக விலையில்லா ஆடு கொடுத்தது அரசு. புல்? 2022 மார்ச்சில், காட்டுக்குள் மேய்ச்சலே கூடாது என்றது உயர் நீதிமன்றம். அதே மாதம் இறங்கிவந்து, சரணாலயம், புலிகள் காப்பகம், தேசியப் பூங்காவில் மட்டும் கூடாது என்றது. 2006-ன் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை உரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. மூன்று தாள்களையும் ஆட்டின் முன் போடுங்கள். அதுவாவது வயிறு நிறையட்டும்.

1919 முதல் இந்நாட்டில் கால்நடைகளை எண்ணுகிறார்கள். 2019-ல் தமிழ்நாட்டுச் செம்மறிகள் சுமார் 45 லட்சம். பின்னால் கம்போடு நடப்பவர்களையும் எண்ணலாமே என்று தோன்ற 2024 ஆகிவிட்டது. கீதாரி வீட்டுப் பெண் ஆடாகப் பிறந்திருந்தால் நூறு வருஷம் முன்பே கணக்கில் வந்திருப்பாள்.

நார்வேயில் கலைமான் மேய்க்கும் சாமி என்னும் பழங்குடி மக்களின் நிலத்தில் காற்றாலை நட்டார்கள். உரிமை மீறல் என்று 2021-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது சுற்றியது. 2023-ல் சாமி இளைஞர்கள், முன்வரிசையில் இளம்பெண்கள், அமைச்சக வாசலை மறித்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது. தென்காசியை அடுத்த சுரண்டைப் பக்கமும் காற்றாலை சுற்றுகிறது. நம் பெண் எந்த வாசலை மறிப்பாள்? மறிக்கப் போனால் ஆட்டை யார் பார்ப்பது?

2026 மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டு என்று அறிவித்தது ஐ.நா. விழா எடுக்காமல் விடுவோமா? பந்தல் போடுவோம். பொன்னாடை போர்த்துவோம். மேடைக்குப் பின்னால் விருந்தினருக்காக ஒரு தற்காலிகக் கழிப்பறை வைப்போம்.

அன்று ஒருநாள் அவள் பகலில் ஒதுங்கலாம். காவலுக்கு நிற்பவர் விட்டால்.